இடது எஞ்சினின் பசி

கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் மூன்றாவது தடவையாக நின்றபோது அவள் தரையில் மண்டியிட்டு, நாற்காலிக் கால்களுக்கு நடுவே கையை விட்டு பிளக்கைத் துழாவிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் அண்ணன் படுத்திருந்தான். அவன் தலைக்கு நேர் கீழேதான் அந்தச் சாக்கெட் இருந்தது.

"ஏரோப்ளேனுக்கே வயரிங் பண்றவ. இதெல்லாம் அவளுக்கு ஒரு வேலையா?" என்றார் சித்தப்பா, பக்கத்தில் இருந்தவரிடம்.

பிளக்கில் கோளாறு இல்லை. சாக்கெட்டின் உள்பட்டைகள் தளர்ந்திருந்தன. வருகிறவர்கள் நடக்கும்போது தரை அதிர்கிறது, அதிரும்போது தொடர்பு விட்டுப்போகிறது. பிளக்கின் பித்தளைக் கால்கள் ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு பிளவு இருக்கும். அது அழகுக்காக வைத்ததல்ல. கத்தி முனையை அதில் கொடுத்து லேசாக அகட்டினால் கால் பருத்து, தளர்ந்த பட்டையையும் கவ்விப் பிடிக்கும். வீட்டுச் சாவியால் அகட்டிச் சொருகினாள். மோட்டார் உறுமி எழுந்தது. எட்டு நிமிடம் ஓடும், ஐந்து நிமிடம் ஓயும். நேற்றுக் காலையில் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து அவள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எழுந்தாள். உட்கார முடியவில்லை. வராந்தாவுக்குப் போனாள், திரும்பி வந்தாள், யாரோ நீட்டிய காப்பியை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்து மறந்தாள். மணி பதினொன்று நாற்பது. எரிமேடைக்குக் கொண்டுபோகும் வண்டி மூன்றரைக்குத்தான் வரும்.

அண்ணன் ஒரு தனியார் விமானத்தின் பைலட். இரண்டு எஞ்சின், எட்டு இருக்கை, டர்போபிராப்: ஜெட்டின் வயிறும் விசிறியின் முகமும் கொண்ட வண்டி. முதலாளி ஒருவர், விமானம் ஒன்று, பைலட் இவன் ஒருவன் என்று பதினாலு வருடம் ஓட்டினான். அவள் அதே விமானத்தின் கருவிப் பலகையைப் பார்த்துக்கொள்கிற தொழில்நுட்பக்காரி. விமான நிலையத்தில் அவனுக்குப் பெயர் சொட்டு கேப்டன். ஒவ்வொரு பயணத்திலும் எந்த எஞ்சின் எவ்வளவு எரித்தது என்று கடைசிச் சொட்டு வரை எழுதி வைப்பான். அவளை அவன் பியூஸு என்பான். சட்டென்று போய்விடுவாளாம்.

எரிபொருளை அங்கே எடையில்தான் கணக்கிடுவார்கள். வெயிலில் எண்ணெய் உப்பும். லிட்டர் கூடும், எடை கூடாது. எஞ்சினுக்கு வேண்டியது எடை. அண்ணன் எழுதியதெல்லாம் கிலோவில். மணிக்கு இடது எஞ்சின் நூற்றிருபத்து நான்கு, வலது நூற்றிருபது. ஆரம்பத்தில் வித்தியாசம் ஒரு கிலோதான் இருந்தது. வருடம் ஏற ஏற நான்காயிற்று.

"ஒரே சோறு, ஒரே வேலை. ஒருத்தன் மட்டும் அதிகமாத் தின்னா, அவன் வயித்துல ஏதோ இருக்குன்னு அர்த்தம். இடதைப் பிரிச்சுப் பாக்கணும் சார்" என்று முதலாளியிடம் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பலகையை மாற்றப்போகிறோமே, புது மீட்டரும் அதையே சொல்லட்டும், அப்புறம் பிரிக்கலாம் என்றிருந்தார் முதலாளி.

பலகையை மாற்றியது அவள்தான். நான்கு வாரம். முள் ஆடுகிற வட்டக் கருவிகள் இருபத்திரண்டைக் கழற்றிவிட்டு மூன்று திரைகள் பொருத்தினாள். எண்ணெய்க் குழாய்களில் புதிய சென்சார்கள். குழாய்க்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு சக்கரம். எண்ணெய் ஓடினால் அது சுழலும். சுழற்சியை எண்ணினால் எரிந்தது எவ்வளவென்று தெரியும். ஓடுகிற எண்ணெய் ஒரே அளவாக இருந்தாலும், எந்த இரண்டு சக்கரமும் அச்சாக ஒரே மாதிரி சுழலாது. அதனால் செய்கிறவர்களே ஒவ்வொன்றையும் சோதித்து, ஒரு லிட்டருக்கு எத்தனை துடிப்பு என்று அதனதன் தகட்டில் பொறித்து அனுப்புவார்கள். அந்த எண்ணைத் திரைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இடதுக்கு இடதுடையது, வலதுக்கு வலதுடையது.

சோதனை ஓட்டம் செவ்வாய்க்கிழமை; அண்ணனுக்குப் பதிலாக வந்த இளம் பைலட், சின்ன கேப்டன், ஓட்டினான். அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில், நெஞ்சில் ஒயர்களோடு. புதன்கிழமை அவள் செல்போனில் எண்களைக் கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இடது நூத்திப் பதினெட்டு. வலது நூத்தி இருபத்தாறு. பாத்துக்கோ. பதினாலு வருஷமா இடது தின்னுது, இடது தின்னுதுன்னு ஒரே பாட்டு."

"தலைகீழா இருக்கே."

"உன் நோட்டுதான் தலைகீழ்."

"மொத்தம் சரியா வந்துச்சா?"

"நூலு பிசகல. டேங்கர் மீட்டரோட ஒரு கிலோ வித்தியாசம் இல்ல."

"தனித்தனியா பாத்தியா?"

அவள் செல்போனைக் கீழே வைத்தாள். தன் விளக்கத்தை எடுத்துக்கொண்டாள். அது அவளுக்கு மிகவும் பிடித்த விளக்கம். முதல்நாள் முதலாளிக்கு அரை மணி நேரம் படம் போட்டுச் சொல்லியிருந்தாள். பைலட் உட்காருவது இடது இருக்கையில். இடது எஞ்சினின் முள் அவன் கண்ணுக்கு நேராக வரும், வலது எஞ்சினின் முள் சாய்வாக வரும். சாய்வாகப் பார்க்கும் முள் உள்ளதைவிடக் குறைத்துத்தான் காட்டும். "அதனால வலது குறைவாத் தின்ற மாதிரி தெரிஞ்சிருக்கு. எஞ்சின்ல ஒண்ணுமில்ல அண்ணா. எல்லாம் உன் கழுத்துல இருக்கு."

அண்ணன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தான். "சரி பியூஸு" என்றான்.

மூன்று நாள் காகித வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இடது எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை என்று முதலாளி முடிவு செய்தார். சனிக்கிழமை விடிகாலையில் அண்ணன் போய்விட்டான். இன்று ஞாயிறு.

வராந்தாப் படியில் டேங்கர்காரர் நின்றிருந்தார். விமானங்களுக்கு எண்ணெய் நிரப்புகிறவர். ஹெல்மெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்திருந்தார்.

"உள்ள வாங்கண்ணே."

"பாத்துட்டேம்மா." அவர் படியை விட்டு ஏறவில்லை. "இனிமே யாருகிட்ட நான் ரெண்டு ரெக்கையையும் தனித்தனியாச் சொல்லுவேன்? மத்தவனுக்கெல்லாம் மொத்தம் சொன்னாப் போதும். கேப்டனுக்கு மட்டும் இடது எவ்வளவு குடிச்சுது, வலது எவ்வளவு குடிச்சுதுன்னு ஒப்பிக்கணும். மாமியார்கிட்ட ஒப்பிக்கிற மாதிரி."

அவள் தலையாட்டினாள். கண் உள்ளே மோட்டாரின் பக்கம் இருந்தது.

"வியாழக்கிழமைகூட போன் பண்ணிச் சொன்னேன். டெஸ்டு முடிஞ்சு நிரப்பினப்போ இடது எட்டு லிட்டர் கூடக் குடிச்சுது கேப்டன், உங்க பய மாறவே இல்லன்னு. அப்படிச் சிரிச்சாரு."

அவள் திரும்பினாள்.

"எது கூடக் குடிச்சுது?"

"இடது."

"நிச்சயமா?"

"சீட்டு வச்சிருக்கேம்மா."

"அண்ணே… முன்னாடி நின்னு பாத்தா இடதா? சீட்டுல உக்காந்து பாத்தா இடதா?"

டேங்கர்காரருக்கு மனம் புண்பட்டுவிட்டது. "என்னம்மா கேக்குற? இருபது வருஷமா இதே வேலை. உக்காந்து பாத்தா இடது."

இதை முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். விமானத்துக்கு ஒரே ஒரு இடதுதான். மூக்கைப் பார்த்து எதிரே நிற்கும்போது உன் இடது கைப்பக்கம் இருப்பது அதன் வலது. அதை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது டேங்கர்காரரிடம் கேட்ட கேள்வியைத் தானே காதில் வாங்கியபோது, தன்னை மூக்குக்கு எதிரே கண்டாள்.

செல்போனை எடுத்துப் படங்களைத் தள்ளினாள். தகடுகளைப் படம் பிடித்தது பன்னிரண்டு நாளுக்கு முன்பு. முதல் படம் பத்து நாற்பத்திரண்டு. இரண்டாவது படம் பத்து ஐம்பத்தொன்று. எப்போதும் இடதிலிருந்துதான் தொடங்குவாள். அதனால் முதல் படம் இடது என்று மறுநாள் யோசிக்காமல் ஏற்றினாள். ஆனால் அன்றைக்கு ஏணியில் கால் வைத்த நேரத்தில் போன் வந்தது. அண்ணி. அவரு கீழ விழுந்துட்டாரு. அதைக் கேட்டுக்கொண்டே விமானம் நிற்கும் ஹேங்கர் வாசலுக்குப் போனாள், ஆம்புலன்ஸ் வந்துவிட்டதா என்று விசாரித்தாள், இரண்டே படம்தானே, எடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று திரும்பி வந்தாள். வாசலிலிருந்து. மூக்குக்கு எதிரே.

முதல் படத்தின் ஓரத்தில் நீல மேஜையின் விளிம்பு தெரிந்தது. நீல மேஜை விமானத்தின் வலது பக்கம் இருக்கிறது.

இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. ஒரு பக்கம் கூட்டிக் காட்ட, மறுபக்கம் அதே அளவுக்குக் குறைத்துக் காட்ட, மொத்தம் மட்டும் நூல் பிசகாமல் வந்துவிட்டது. அவள் மொத்தத்தைத்தான் சரிபார்த்தாள்.

"கேப்டன் வேற ஏதாவது சொன்னாராண்ணே? வியாழக்கிழமை?"

டேங்கர்காரர் ஹெல்மெட்டை மறு இடுப்புக்கு மாற்றினார். "நான்தான் கேட்டேன், புது மீட்டர் வேற மாதிரி சொல்லுதாமேன்னு. தெரியும்னாரு. நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காத, ஞாயித்துக்கிழமை அவ வருவா, தனியா இருக்கும்போது நானே சொல்லிக்கிறேன், சின்ன கேப்டன் முன்னாடியெல்லாம் வேண்டாம்னாரு. புதன்கிழமைதானே பயணம், நேரம் இருக்குன்னாரு."

புதன்கிழமைதான் இருந்தது. வெள்ளிக்கிழமை முதலாளி அதை இன்றைக்கு இழுத்தார். இன்று இரண்டு மணிக்கு, சின்ன கேப்டனோடு, கடல் மேல் ஐந்து மணி நேரம். காலையில் மாலை வைத்துவிட்டு அதைச் சொல்லி வருத்தப்பட்டுவிட்டுத்தான் போனார்.

அவள் வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். விமானம் விழாது. ஐந்து மணி நேரத்தில் இடது தொட்டியில் திரை சொல்வதைவிட முப்பது கிலோ குறைவாக இருக்கும்; கால் மணி நேரப் பறப்பு. அதற்கெல்லாம் மேலேயே கையிருப்பு வைத்திருப்பார்கள். திரும்பி வந்ததும் இரண்டு எண்களையும் மாற்றிப் போட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. அவள் உரிமம், அவள் கையெழுத்து, இருபது வருடம். எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆனால் இடது தின்கிறது. ஏன் தின்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று விளக்கியது அவள்.

சின்ன கேப்டனுக்குப் போன் போட்டாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள்.

"அண்ணே, ஸ்கூட்டர்ல வந்தீங்களா?"

உள்ளே போய் அண்ணியின் பக்கத்தில் குனிந்தாள். "அண்ணி, நான் ஹேங்கர் வரைக்கும் போய்ட்டு வரணும்."

சித்தப்பாவின் காதுக்கு அது எட்டிவிட்டது. "என்னது? அண்ணன வீட்ல போட்டுட்டு வேலைக்குப் போறாளா? நல்லா இருக்கே கதை! லீவு குடுக்கலியாமா?"

அண்ணி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "இடதா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த வீட்ல ராத்திரி பகலா வேற என்ன பேசினாரு? போ. மூணரைக்கு வண்டி."

ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிடம். டேங்கர்காரர் நாற்பதுக்கு மேல் போகவில்லை. அவள் வழி முழுக்கப் போனைக் காதில் வைத்திருந்தாள். அடித்தது, ஓய்ந்தது.

சின்ன கேப்டன் போனைச் சட்டையோடு கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு சக்கரத்தின் காற்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

"மேடம்! நீங்க எதுக்கு இங்க? நானே கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை அங்க வந்து…"

"இடது எஞ்சின் மூடியத் தெறங்க கேப்டன். டார்ச்சும் கண்ணாடியும் குடுங்க."

ஏணியில் ஏறினாள். சென்சார் குழாய்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தகட்டை நேரே படிக்க முடியாது. பல் வைத்தியர் கண்ணாடி மாதிரி ஒன்றை நுழைத்து, இடவலம் மாறித் தெரியும் எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். ஏழாயிரத்து நானூறு. இறங்கி, ஏணியை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினாள். ஏழாயிரத்து எழுநூற்று எழுபது. திரையில் நேர்மாறாக இருந்தது.

"இதனாலதான் திரை மாத்திச் சொல்லுச்சா?" என்றான் சின்ன கேப்டன். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "திரைதான் சரியா இருக்குமேன்னு பழைய முள்ளு என்ன சொல்லுச்சுன்னு நான் கேக்கவே இல்ல மேடம்."

"நீங்க கேட்டிருந்தாலும் விளக்கியிருப்பேன்."

எண்களை மாற்றி ஏற்றிவிட்டு முதலாளியின் அறைக்குப் போனாள். அவர் பயணப் பையோடு சோபாவில் இருந்தார். அவளைப் பார்த்து எழுந்தார். இறந்தவனின் தங்கை என்று எழுந்தது. உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சார், மீட்டர்ல இடதையும் வலதையும் மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. இடதுதான் கூடுதலா எரிக்குது. அண்ணன் எழுதினது சரி."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "முள்ளைச் சாய்வாப் பாத்தா அப்படித்தான் தெரியும்னு படம் போட்டுக் காட்டினியே?"

"காட்டினேன்."

"அரை மணி நேரம்."

"ஆமா சார்."

"நான் அதை அவருகிட்ட போன்ல சொன்னேன், தெரியுமா? சொட்டு, உன் தங்கச்சி உன் கழுத்தைத்தான் ரிப்பேர் பண்ணணும்கிறான்னு. சிரிச்சாரு." பையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மாத்திட்டேல்ல?"

"மாத்திட்டேன்."

"போனா விழுமா?"

"விழாது சார்."

"அப்புறம்?"

"நாலு கிலோ ஏன் போகுதுன்னு தெரியாது. தூவுற ஊசிவாய்ல அடைப்பு இருந்தா எண்ணெய் பரவலா விழாது, ஒரே இடத்துல பீச்சும். அந்த இடம் மட்டும் சூடேறும், பின்னாடி இருக்கிற தகடுகளைத் தின்னும். அதுவாவும் இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். பிரிச்சாதான் தெரியும்." மூச்சு வாங்கியது. "பறக்கலாம்னு புத்தகத்துல நான் போட்ட கையெழுத்தை அடிச்சுட்டேன் சார். அது இல்லாம இது பறக்க முடியாது."

"யாரைக் கேட்டு அடிச்ச?"

அவள் எண்ணெய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முதலாளி பையைச் சோபாவின் மேலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். போனை எடுத்து யாருக்கோ, இன்றைக்கு வர முடியாது என்றார். காரணம் கேட்டிருக்க வேண்டும். "எங்க கேப்டன் வேண்டாம்னுட்டாரு" என்றார்.

இடது எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் ஒரு முறை தரையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்களை மாற்றினால் மாற்றியது சரியா என்று ஓடவிட்டுத்தான் காண முடியும். விமானத்தை வெளியே இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். சின்ன கேப்டன் இடது இருக்கையில் ஏறினான். அவள் வலதில். முதலில் வலது எஞ்சின் முனகி, இழுத்து, பிடித்தது, பிறகு இடது. விசிறிகள் கண்ணுக்கு மறைந்து வெறும் வட்டங்களாயின. உடம்பெல்லாம் அதிர்ந்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. வெளியே ஓடுபாதையின் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் காற்றில் அது ஒரே பக்கமாகப் படுத்திருந்தது.

"இடது அம்பத்திரெண்டு மேடம். வலது அம்பது."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"இடது அம்பத்திரெண்டு. வலது அம்பது."

"கொஞ்சம் கூட்டுங்க."

இரைச்சல் ஏறியது. "இடது தொண்ணூத்தெட்டு. வலது தொண்ணூத்தஞ்சு."

"இன்னொரு தடவை."

அவன் கத்திச் சொன்னான். சோதனைக்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருப்பான். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, தெளிவாக, இடதை முதலில் சொன்னான். அவள் ஐந்து தடவை கேட்டாள்.

எஞ்சின்களை அணைத்ததும் மெக்கானிக்குகள் இடது பக்கம் ஏணியைச் சாய்த்தார்கள். அவள் புத்தகத்தில் எழுத வேண்டியதை எழுதினாள்: சென்சார் எண்கள் இடம் மாற்றி ஏற்றப்பட்டிருந்தன, பிழை செய்தவர் இன்னார் என்று தன் உரிம எண்ணைப் போட்டாள். அதிகாரிகள் கூப்பிட்டு விசாரிப்பார்கள். உரிமத்தைச் சில மாதம் வாங்கி வைத்தாலும் வைப்பார்கள். மணி இரண்டு ஐம்பது.

"ஏறும்மா" என்றார் டேங்கர்காரர்.

திரும்பும் வழியிலும் அவர் நாற்பதுக்கு மேல் போகவில்லை. அவள் அவரது தோளுக்கு மேலாகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கைகளில் எண்ணெய் பிசுபிசுத்தது. பின்பக்கக் கம்பியை விட்டுவிட்டுப் பிடித்தாள். லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது. மூன்று மணி எட்டு நிமிடம் ஆகியிருந்தபோது பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்தது. விளக்குக்குக் கீழே எண்கள் இறங்கத் தொடங்கின: தொண்ணூறு, எண்பத்தொன்பது.

டேங்கர்காரர் சாவியைத் திருப்பி ஸ்கூட்டரை அணைத்தார். சுற்றிலும் எல்லா வண்டிகளும் உறுமிக்கொண்டிருக்க, இவர்கள் வண்டி மட்டும் சத்தமில்லாமல் நின்றது.

"இப்படி நிக்கிறப்போ ஓடவிட்டா கேப்டனுக்குப் பிடிக்காது" என்றார், முன்னால் பார்த்தபடியே.

நாற்பது. இருபது. ஐந்து. பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன்கள் அலறின. டேங்கர்காரரின் கை சாவியின் மேல் இருந்தது, திருப்பவில்லை. விசும்பலில் ஹெல்மெட் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவள் வண்டியிலிருந்து இறங்கி, அவருக்குப் பின்னால் சாலையில் நின்று, எண்ணெய்க் கையை உயர்த்தி, வருகிற வண்டிகளையெல்லாம் சுற்றிப் போகும்படி காட்டிக்கொண்டிருந்தாள்.